நீச்சல் பிடித்த நாய் வேண்டும், எந்த இனம் எடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டி எங்கள் தோட்டம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் எங்கள் கறுப்பியை வீட்டில் கட்டிவைக்க முடியாது. கறுப்பி ஒரு கறுப்பு லேப்ரடார், வயது ஒன்பது. அவள் தலையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு எதிர்நீச்சல் போடுவதைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஏனுங்க, இது என்ன சாதி நாய்? எங்களுக்கும் ஒன்னு வேணும்." அப்படிக் கேட்டவர்களுக்கும் போனில் கேட்கும் சொந்தக்காரர்களுக்கும் இத்தனை வருடங்களில் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நாய்க்குப் பின்னாலேயே தண்ணீரில் இறங்கி, அதன் காதுக்கும் வாலுக்கும் மருத்துவரிடம் அலைந்து கற்றுக்கொண்டவன்.

நாய் என்றாலே நீந்தும்தானே? இதற்கு இனம் வேறு பார்க்க வேண்டுமா?

தண்ணீரில் விழுந்தால் பெரும்பாலான நாய்கள் காலை அடிக்கும். அதை நீச்சல் என்று சொல்லிவிட முடியாது. முன்னங்கால் மட்டும் தண்ணீரை அறைய, பின்பக்கம் கீழே இறங்க, உடம்பு செங்குத்தாக நின்றுகொண்டு இரண்டு நிமிடத்தில் களைத்துப்போகும் நாய்களே அதிகம். நன்றாக நீந்தும் நாயின் முதுகு தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக இருக்கும். நான்கு காலும் தரையில் ஓடுவதுபோல மாறி மாறிப் போகும், வால் பின்னால் துடுப்பு மாதிரி நேராக இருக்கும், சத்தமே வராது.

நீந்தத் தெரிவது வேறு, நீந்தப் பிடிப்பது வேறு. இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால் இனம் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. பல நூறு வருடங்களாகத் தண்ணீரில் வேலை வாங்கிப் பெருக்கிய நாய்களுக்கு அந்த ஆசை ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாக ஓடும். கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எந்த இனம்?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கேட்டால், லேப்ரடார் ரிட்ரீவர். ஊருக்கு ஊர் கிடைக்கிறது, எந்தக் கால்நடை மருத்துவருக்கும் பழக்கமான நாய், குணம் நல்லது. இதைவிடத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்த இனங்கள் உண்டு. அவற்றில் பாதி இங்கே கிடைக்காது, கிடைப்பதில் பாதி நம் வெயிலைத் தாங்காது.

பெயர் லேப்ரடார் என்றாலும் இதன் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே மீனவர்கள் வலையை இழுக்கவும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்வி வரவும் ஒரு கறுப்பு நாயை வைத்திருந்தார்கள். மீன் ஏற்றிவந்த கப்பல்களோடு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் இறங்கியது. அங்கே மால்ம்ஸ்பரி பிரபு குடும்பத்தார் வாத்து வேட்டைக்காக வாங்கிப் பெருக்கினார்கள். 1903இல், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

உடம்பைத் தொட்டுப் பார்த்தால் அந்த வேலை தெரியும். மேல்முடி குட்டையாக, கொஞ்சம் சொரசொரப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். விரலால் விலக்கினால் அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடுக்கு. கறுப்பி அரைமணி நேரம் நீந்திவிட்டு வந்தாலும் அந்த அடிமுடிக்குள் விரலை விட்டால் சில இடங்களில் ஈரமே இருக்காது. கால்விரல்களுக்கு நடுவே சவ்வு எல்லா நாய்க்கும் கொஞ்சம் உண்டு, லேபுக்கு அகலமாக இருக்கும். அடியில் பருத்து நுனியில் மெலிந்த வாலை வெள்ளைக்காரர்கள் நீர்நாய் வால் என்கிறார்கள். நம் சங்கப்பாட்டில் வாளைமீன் பிடிக்குமே, அதே நீர்நாய்தான். காவிரிப் பக்கம் இன்றும் இருக்கிறது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். லேபுக்கு வயிறு நிறைந்ததே தெரியாது. இது வளர்ப்புக் குற்றம் மட்டும் இல்லை. ஏறக்குறைய நான்கில் ஒரு லேபுக்குப் பசியை அடக்கும் மரபணுவிலேயே பழுது இருப்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் கண்டுபிடித்தார்கள். ஆண் 29 முதல் 36 கிலோ, பெண் 25 முதல் 32 கிலோ இருக்க வேண்டிய நாய் நம் ஊரில் 45 கிலோவுக்கு உருண்டு கிடக்கிறது. தயிர்சாதமும் பிஸ்கெட்டும் போட்டு வளர்த்த அந்த லேப் மிதக்கும், ஆனால் மூச்சு வாங்கியே திணறிப்போகும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இந்த இனத்தில் சகஜம்.

கோல்டன் ரிட்ரீவர் இன்னும் அழகாக இருக்கிறதே?

அழகுதான், நீந்தவும் பிடிக்கும். ஸ்காட்லாந்தில் 1868இல் ட்வீட்மவுத் பிரபு தன் மஞ்சள் ரிட்ரீவரை ட்வீட் வாட்டர் ஸ்பேனியல் என்ற தண்ணீர் நாயோடு சேர்த்துப் பிறந்த குட்டிகளிலிருந்து வந்த இனம் இது. அந்த ஸ்பேனியல் இன்று உலகத்திலேயே இல்லை.

என் தயக்கம் முடியைப் பற்றி. நீளமான முடி, அடியில் அடர்த்தியான இன்னொரு அடுக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். காயாத இடத்தில் தோல் சிவந்து, நக்கி நக்கி, ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வரும். கோயம்புத்தூரில் என் அத்தை மகன் வீட்டு கோல்டனுக்கு மழைக்காலம் முழுக்கக் காதுக்குக் கீழே அந்தப் புண்தான். தினமும் அரைமணி நேரம் துவட்டிச் சீவ ஆள் இருந்தால் எடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்கள் தாராளமாக எடுக்கலாம்.

பூடில் பார்லர் நாய்தானே? அது தண்ணீரில் இறங்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூடில் என்ற பெயரே தண்ணீரில் சளசளவென்று அடிப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. வாத்தைச் சுட்டால் நீந்திப்போய்க் கவ்வி வருவதுதான் அதன் பழைய பிழைப்பு. முடி நனைந்து கனத்து இழுக்காமல் இருக்க உடம்பை மழித்தார்கள். நெஞ்சும் மூட்டுகளும் குளிரில் விறைக்காமல் இருக்க அங்கே மட்டும் உருண்டை உருண்டையாக விட்டார்கள். இன்று கண்காட்சியில் நாம் பார்த்துச் சிரிக்கிற அந்த வெட்டு, வேலைக்காரனின் கோவணம் மாதிரி ஒரு வேலை உடைதான்.

நீச்சலுக்கு வேண்டியது பெரிய பூடில், ஸ்டாண்டர்ட் என்று சொல்வது. புத்திசாலி, முடி அதிகம் உதிராது. நம் ஊரில் கிடைப்பது பெரும்பாலும் பொம்மை சைஸ். அதற்கு ஒரு பிளாஸ்டிக் டப் போதும்.

அமெரிக்க ஜனாதிபதி வீட்டில் இருந்ததே ஒரு தண்ணீர் நாய்? ஆளைக் காப்பாற்றும் பெரிய நாய் ஒன்றும் உண்டாமே?

முதலாவது போர்ச்சுகீசியத் தண்ணீர் நாய். 2009இல் ஒபாமா வீட்டுக்கு வந்த ‘போ’ என்ற நாய் அந்த இனம்தான். போர்ச்சுகலின் தெற்குக் கரையில் மீனை வலைப்பக்கம் விரட்டுவதும், படகுக்குப் படகு சேதி கொண்டுபோவதும் அதன் வேலை. இயந்திரப் படகு வந்ததும் வேலை போனது, 1930களில் இனமே அழியும் நிலை. கப்பல் முதலாளி வாஸ்கோ பென்சாவுதே என்பவர் தேடிப்பிடித்துப் பெருக்கிக் காப்பாற்றினார்.

இரண்டாவது நியூஃபவுண்ட்லாந்து. 60 கிலோவுக்கு மேல் போகும் கரடி மாதிரி நாய். இத்தாலியில் 1989இல் தொடங்கிய மீட்பு நாய்ப் பள்ளி ஒன்றில் இவற்றை ஹெலிகாப்டரிலிருந்து கடலில் குதித்து ஆளை இழுத்துவரப் பழக்குகிறார்கள். பனிக்கடலுக்குப் போர்த்திய கம்பளியோடு பிறந்த நாயை ஈரோட்டு மே மாதத்தில் கொண்டுவந்து நிறுத்துவது பாவம். ஏசி அறையில் வைத்துக்கொள்கிறேன் என்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கரண்ட் போனால்?

ஜெர்மன் ஷெப்பர்ட், காக்கர் ஸ்பேனியல், பீகிள், டாபர்மேன்?

ஜெர்மன் ஷெப்பர்ட் பழக்கினால் நன்றாக நீந்தும், உங்களுக்காகச் செய்யும், ஆசைப்பட்டு இறங்குவது குறைவு. காக்கருக்குத் தண்ணீர் பிடிக்கும், ஆனால் தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கி நாற்றமெடுக்கும். பீகிள் மூக்கு போன போக்கில் போகும், தண்ணீர் இடையில் வந்தால் கடக்கும். டாபர்மேனுக்குக் கொழுப்பும் முடியும் குறைவு, சீக்கிரம் நடுங்கிவிடும்.

நம்ம ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நீந்தாதா?

2005இல் தபால்தலையில் இடம்பிடித்த ராஜபாளையத்தை விட்டுவிட்டு வெளிநாட்டு நாயைப் பேசுகிறாயே என்று ஒரு பெரியவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். கோபம் நியாயம்தான். ஆனால் கேள்வி நீச்சலைப் பற்றியது.

இவை மேட்டாங்காட்டிலும் கரிசல் மண்ணிலும் முயலையும் பன்றியையும் விரட்டப் பெருக்கிய நாய்கள். விலா எலும்பு தெரியும் உடம்பு, ஒட்டிய வயிறு, மெல்லிய முடி. கொழுப்பே இல்லாத உடம்பு மிதக்கச் சிரமப்படும், சூடும் சீக்கிரம் இறங்கும். தேவை வந்தால் நீந்திக் கரையேறும், பொழுதுபோக்காக இறங்கும் சிப்பிப்பாறையை நான் பார்த்ததில்லை. ஓடவிட ஐந்து ஏக்கர் இருந்தால் இவற்றை எடுங்கள். ஒரு வாய்க்கால் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேண்டாம்.

தெரு நாய், நாட்டு நாய்?

நிறையப் பேர் யோசிக்காத பதில் இதுதான். பக்கத்துத் தோட்டத்து வெள்ளையன் ஒரு நாட்டு நாய். சித்திரை வெயிலில் காலை பத்து மணிக்கே வாய்க்காலில் கழுத்தளவுக்கு உட்கார்ந்திருப்பான். அக்கரையில் ஆடு மேய்ந்தால் நீந்திப்போய் எண்ணிவிட்டு வருவான். வெயில் தாங்கும், முடிப் பராமரிப்பு இல்லை, நிமிர்ந்த காது என்பதால் ஈரம் தங்குவதும் குறைவு.

குட்டியாக எடுத்தால் எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் வளர்ந்த நாயைத் தத்தெடுங்கள். ஒன்றரை இரண்டு வயது நாயை ஆழமில்லாத தண்ணீர்ப் பக்கம் நாலு தடவை கூட்டிப்போனால் ஆசை இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். எந்தப் பெருக்குபவரும் எந்த விலைக்கும் தர முடியாத உத்தரவாதம் அது.

எந்த நாய்களைத் தண்ணீர்ப் பக்கமே விடக்கூடாது?

பக், புல்டாக், ஃபிரெஞ்ச் புல்டாக். மூக்கு சப்பை, மூச்சுவிடத் தலையை அண்ணாந்தால் பின்பக்கம் முழுகும், தலையைத் தாழ்த்தினால் மூக்குக்குள் தண்ணீர். அதிலும் புல்டாக்குக்குத் தலையும் நெஞ்சும் கனம், கல் மாதிரி இறங்கும். ஷி ட்சூவும் இந்தக் கூட்டம்தான். டாக்ஸ்ஹுண்ட், பாசெட் ஹவுண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்குத் துடுப்பு போதாது.

எங்கள் உறவினர் ஒருவரின் பக், பம்புசெட் தொட்டியில் விழுந்தது. மூன்றடித் தண்ணீர்தான். பக்கத்திலேயே துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவுக்குச் சத்தமே கேட்கவில்லை. குரைக்கவோ கத்தவோ அதற்கு மூச்சு இருக்கவில்லை. திரும்பிப் பார்த்துத் தூக்கியதால் பிழைத்தது.

எங்கள் தோட்டத்தில் கிணறு இருக்கிறது. அதில் விடலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். எல்லோரும் எந்த நாய் என்று கேட்கிறார்கள், எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை.

நாய் பெரும்பாலும் நீந்தத் தெரியாமல் சாவதில்லை, ஏறத் தெரியாமல் சாகிறது. எவ்வளவு நல்ல நீச்சல் நாயானாலும் செங்குத்தான கல்கட்டில் ஏற முடியாது. சுற்றிச் சுற்றி நீந்தும், நகம் தேயப் பிறாண்டும், பிறகு களைத்துவிடும். நம் கிணறுகளில் நடுவே நீட்டிவைத்த கல்படி மனிதக் காலுக்கு ஆனது, நாய்க்கு ஆகாது. கைப்பிடிச்சுவர் இல்லாத தரைக்கிணறு இருந்தால் முதலில் அதைச் சுற்றிக் கம்பிவலை போட்டுவிட்டுத்தான் நாய் வாங்குவதைப் பற்றியே யோசிக்க வேண்டும். தண்ணீர் நாய் என்றால் இன்னும் அவசரம், ஏனென்றால் அது விழாது, குதிக்கும்.

பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை கிணற்றைவிட மோசம். பார்க்கச் சரிவாக இருக்கும், ஆனால் ஈரத் தாளில் கால் நிற்காது. ஒரு ஓரத்தில் பழைய வலையையோ சாக்கையோ கம்பியோடு சேர்த்துக் கட்டி, அடிவரை தொங்கவிடுங்கள். மனிதனுக்கும் அது உதவும். சிமெண்ட் பூசிய வாய்க்கால் கரையிலும் இதே தொல்லை. நாங்கள் கறுப்பியை விடுவது மண்கரை சரிந்து கிடக்கும், மாடு இறங்கும் துறையில் மட்டும். அந்தத் துறைக்கே திரும்பி வரவேண்டும் என்பதைத்தான் அவளுக்கு முதலில் பழக்கினோம், நீச்சலை அப்புறம்.

நாய் கிணற்றில் விழுந்துவிட்டால் நீங்கள் குதிக்காதீர்கள். பயந்த நாய் உங்கள் தோளில் ஏறி உங்களை முழுக்கும். வாழை மரத்துண்டோ காற்றடித்த லாரி டியூபோ கயிற்றில் கட்டி இறக்குங்கள், முன்னங்காலைப் போட்டு ஓய்வெடுக்கும். பிறகு 101க்குப் போன் செய்யுங்கள். தீயணைப்புக்காரர்களுக்கு இது பழகிய வேலை.

ஆறு, ஏரி, அணை, கடல்?

ஆறு என்றால் கரையிலிருந்து பார்த்தால் இழுப்பு தெரியாது, ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். அது போகும் வேகத்தில் உங்களால் நடக்க முடியாவிட்டால் நாயை விடாதீர்கள்.

ஏரி குளத்தில் ஆகாயத்தாமரை மூடியிருந்தால் வேண்டாம், வேர் காலைச் சுற்றும். பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் பாசிப்படலம் மிதந்தால் கிட்டவே போகாதீர்கள். சில வகைப் பாசி நஞ்சு, நக்கினாலே நாய் செத்துப்போகும்.

அமராவதி, சாத்தனூர் அணைகளிலும் ஒகேனக்கல் பக்கக் காவிரியிலும் முதலை இருக்கிறது. சாயங்காலம் தண்ணீரைச் சளசளக்கும் நாய் முதலைக்கு அழைப்பு மணி.

சென்னைக் கடற்கரையில் அலை கரையிலேயே உடைந்து உள்ளே இழுக்கும். மனிதர்களையே கொண்டுபோகும் கடல் அது. பெசன்ட் நகரில் விடியற்காலையில் காலை நனைத்து ஓடவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டிலில் நல்ல தண்ணீர் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வண்டி சீட்டில் வயிற்றால் போகும். அளவு மீறினால் உப்பு மூளையைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து.

அபார்ட்மெண்டில் இருக்கிறோம். ஆசைக்கு ஒரு தண்ணீர் நாய் வாங்கலாமா?

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் நாய்களுக்கென்றே நீச்சல்குளம் நடத்துகிறார்கள். வாரத்துக்கு ஒருநாள் கூட்டிப்போக முடிந்தால் வாங்குங்கள். மற்ற ஆறு நாளும் காலை மாலை நடை வேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை நீச்சல் ஈடாகாது. முடியாது என்றால், லேப் உங்கள் சோபாவில் நீச்சல் பழகும்.

குட்டியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது, கொஞ்சம் ஊகிக்கலாம். தாயைப் பாருங்கள், அது தண்ணீரில் இறங்குமா என்று கேளுங்கள், இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் அந்த வீட்டுப் படியை இறங்கிவிடுங்கள். ஒரு தாம்பாளத்தில் இரண்டு விரல்கடைத் தண்ணீர் வைத்து நடுவே பந்தைப் போட்டால், மிதித்துக்கொண்டு போய் எடுக்கும் குட்டி ஒரு நல்ல அறிகுறி. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017இன் நாய் பெருக்க விதிகள் தடுக்கின்றன, முப்பது நாள் குட்டியைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். கென்னல் கிளப் காகிதம் வம்சத்தைச் சொல்லும், உடல்நலத்தைச் சொல்லாது. தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் முறைப்பார்கள், பரவாயில்லை.

எப்படிப் பழக்குவது? தூக்கிப் போட்டால் தானே நீந்தாதா?

நம் மாமாக்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றில் தள்ளித்தான் நமக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். நமக்கு அது புரிந்தது, மேலே வந்ததும் பரோட்டாவும் கிடைத்தது. நாய்க்குப் புரியாது. ஒருமுறை தூக்கிப் போட்டால் தண்ணீரோடு சேர்த்து உங்களையும் நம்பாமல் போய்விடும்.

தடுப்பூசி எல்லாம் முடிந்து, நான்கு மாதத்துக்குப் பிறகு, வெதுவெதுப்பான நாளில் கணுக்கால் ஆழத்தில் தொடங்குங்கள். நீங்கள் முதலில் இறங்குங்கள். நீந்தத் தெரிந்த இன்னொரு நாய் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. தரை காலுக்கு எட்டாத இடம் வந்ததும் வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடியுங்கள். பின்கால் அடிக்க ஆரம்பித்ததும் முன்கால் தண்ணீரை அறைவது தானாக நிற்கும். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும், இன்னும் வேண்டும் என்று அது திரும்பிப் பார்க்கும்போதே கரையேற்றிவிடுங்கள். சங்கிலி கூடவே கூடாது. நெஞ்சுப்பட்டையில் நீளமான மெல்லிய கயிறு கட்டுங்கள். சாப்பிட்ட வயிற்றோடு விடாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் தேவையா?

படகு, பரிசல், ஆறு, முதல் மாதப் பயிற்சி, வயதான நாய் என்றால் ஆமாம். முதுகில் கைப்பிடி உள்ளதாக வாங்குங்கள், நாயைத் தூக்க அதுதான் உதவும். ஜாக்கெட்டைப் போட்டு கைப்பிடியில் தூக்கிப் பாருங்கள், நாய் நழுவினால் அளவு சரியில்லை.

நீந்தினால் காது சீழ் பிடிக்குமாமே?

பிடிக்கும், எங்களுக்குப் பிடித்தது. கறுப்பிக்கு இரண்டு வயதில் நாங்கள் காதைத் துடைப்பதே கிடையாது. தலையை ஆட்டினாள், விளையாட்டு என்று நினைத்தோம். நாலாம் நாள் இடது காதுமடல் பூரி மாதிரி உப்பிவிட்டது. உள்ளே அரிப்பு தாங்காமல் ஆட்டி ஆட்டி மடலுக்குள் ரத்தம் கட்டிக்கொண்டது. கீறி எடுத்துத் தையல் போட்டார்கள். அந்தக் காது இன்றும் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கிறது.

அதிலிருந்து தண்ணீரை விட்டு ஏறியதும் முதல் வேலை காது. மடலைத் திருப்பி, பழைய பருத்தித் துணியால் விரல் எட்டும் வரை ஒற்றி எடுப்பேன். மருத்துவர் கொடுத்த காது கழுவும் திரவத்தை விட்டு அடிக்காதைப் பிசைந்து, அவள் உதறியதும் மறுபடி துடைப்பேன். பட்ஸ் வேண்டாம், தேங்காய் எண்ணெய் வேண்டாம். புளித்த மாவு வாடை வந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் வருடா வருடம் போடுங்கள். எலி மூத்திரம் கலந்த வாய்க்கால், மழைத்தண்ணீர் வழியாக நாய்க்கும் வரும், நமக்கும் வரும்.

நேற்று நன்றாக நீந்திய நாய்க்கு இன்று வால் தொங்குகிறது. எலும்பு முறிவா?

பெரும்பாலும் வாலின் அடித்தசைப் பிடிப்பு. குளிர்ந்த தண்ணீரில் அதிக நேரம் நீந்தினாலும், ரொம்ப நாள் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாக நீந்தினாலும் வரும். வால் இரண்டு அங்குலம் நேராக நீட்டி, பிறகு செத்த பாம்பாகத் தொங்கும், உட்காரவே யோசிக்கும். ஓய்வு கொடுத்தால் சில நாளில் சரியாகும். முறிவு இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். நம் மாத்திரை டப்பாவிலிருந்து பாராசிட்டமாலோ இப்யூபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், நாய்க்கு அவை விஷம்.

எப்போது பயப்பட வேண்டும்?

பந்தைக் கவ்விக்கொண்டு வாயைத் திறந்தபடி மறுபடி மறுபடி நீந்தும் நாய் தெரியாமல் நிறையத் தண்ணீரை விழுங்கிவிடும். வயிறு உப்பி, தள்ளாடி, எச்சில் ஒழுக, கண் நிலைகுத்தினால் ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டது என்று பொருள். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பந்துக்குப் பதில் தட்டையான பொம்மையைப் போட்டால் வாய் அவ்வளவு திறக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரையேற்றுங்கள். மூச்சுக்குழாயில் தண்ணீர் போய் இருமினால், பிறகு சரியாகிவிட்டதுபோல் தெரிந்தாலும் அன்றே காட்டிவிடுங்கள், நுரையீரல் கோளாறு மறுநாள்கூட வெளிப்படும்.

குழந்தைகளோடு சேர்ந்து நீந்தவிடலாமா? ஆபத்து என்றால் காப்பாற்றுமா?

நம்பாதீர்கள். இத்தாலி நாய்கள் அதற்காகவே பழகியவை. நம் வீட்டு லேப் குழந்தை கத்துவதைக் கேட்டு ஆசையாக நீந்திவரும், வந்து தோளில் காலைப் போட்டு ஏறும். 30 கிலோ. என் முதுகில் கறுப்பியின் நகம் போட்ட நான்கு கோடு இன்னும் இருக்கிறது, அவள் என்னைக் காப்பாற்றிய லட்சணம் அது. குழந்தைகள் ஏறிய பிறகு நாய், நாய் ஏறிய பிறகு குழந்தைகள்.

லேப் வாங்கிவிட்டோம், ஒரு வயது ஆகிறது. தண்ணீர்ப் பக்கமே வரமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

ஒன்றும் செய்ய வேண்டாம். எங்கள் மணியும் லேப்தான், கறுப்பியின் சொந்தத் தம்பி, அதே தாய், அதே தகப்பன், அடுத்த ஈற்று. குட்டியிலேயே கொண்டுவந்தோம். அவசரப்படுத்தவில்லை, தள்ளவில்லை, பக்கத்திலேயே அக்கா நீந்திக் காட்டினாள். ஆறு வருடமாகிறது, முழங்காலுக்கு மேல் அவன் நனைந்ததில்லை. நாங்கள் இறங்கியதும் துறை மேட்டில் கழற்றிப் போட்ட செருப்புகளைக் கவ்விக் கவ்வி ஓரிடத்தில் குவித்துவிட்டு, அதன்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்வான். கறுப்பி ஏறிவந்து உடம்பை உதறினால் மட்டும் எழுந்து பத்தடி தள்ளிப் போய் நிற்பான். துளி அடங்கியதும் திரும்பி வந்து செருப்பை எண்ணுவான்.